முதல் ஆண்டு வண்டியை வாங்கலாமா?

ஞாயிற்றுக்கிழமைக் காலைகளில் எனக்குத் தொலைபேசி அழைப்பு வந்தால் அது பெரும்பாலும் மரணச் செய்தியாகவோ மருமகனின் கேள்வியாகவோதான் இருக்கும். அன்று வந்தது இரண்டாவது. தங்கையின் மகன், வங்கியொன்றில் நல்ல பதவியில் இருப்பவன், வவுனியாவிலிருந்து பேசினான்.

"மாமா, ஒரு ஜீப் வாங்கப் போறன். புது மொடல். இப்பதான் இறங்கியிருக்கு. ஆனா வெளிநாட்டில அந்த மொடலைக் கொம்பனி திருப்பிக் கூப்பிட்டிருக்கு எண்டு இன்டர்நெட்டில பாத்தனான். வாங்கலாமோ, விடலாமோ? நீங்கள் பேப்பர்காரர், விசாரிச்சுச் சொல்லுங்கோ."

பத்திரிகையாளனுக்குத் தெரியாத விடயமே உலகில் இல்லை என்று நம் உறவினர்கள் நம்பிக்கொண்டிருக்கிறார்கள். அந்த நம்பிக்கையைக் குலைக்க நாற்பது ஆண்டுகளாக எனக்கும் மனம் வந்ததில்லை. "ஒரு கிழமை பொறு தம்பி" என்று சொல்லித் தொலைபேசியை வைத்தேன். அந்த ஒரு கிழமையில் தேடிப் படித்ததையும், அதைப் படிக்கும்போது நினைவுக்கு வந்த பழைய சம்பவம் ஒன்றையும் இங்கே எழுதுகிறேன். அந்தச் சம்பவத்தை எழுதுவதில் எனக்குச் சற்றுக் கூச்சமும் உண்டு. காரணத்தைப் பின்னர் சொல்கிறேன்.

இலங்கையில் 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் பாவனைக்கான வாகனங்களுக்குக் கதவு மீண்டும் திறந்தது 2025 பெப்ரவரியில். ஏறத்தாழ ஐந்து ஆண்டுகள் நம்மவர்கள் பழைய வண்டிகளையே கைமாற்றிக் கைமாற்றி ஓட்டினார்கள். இடையில் உலகம் ஓர் தலைமுறை மொடல்களைக் கடந்து போய்விட்டது. கதவு திறந்ததும் நாம் பெயரையே கேட்டிராத சீனத் தயாரிப்புகளும், மின்கலத்தில் ஓடும் ஜீப்புகளும், பழைய பெயரில் புதிய உடம்போடு வந்த ஜப்பானிய வண்டிகளும் கொழும்பு வீதிகளில் காட்சிக்கு நின்றன. பசித்தவன் விருந்துக்குப் போனால் உப்பு, புளி பார்ப்பதில்லை. நம்முடைய நிலைமையும் அப்படித்தான் ஆயிற்று. மருமகனின் கேள்வி அவனுடைய கேள்வி மட்டுமன்று.

முதலில், 'திருப்பிக் கூப்பிடுதல்' என்றால் என்ன என்பதைப் பார்ப்போம். விற்றுவிட்ட வண்டிகளில் பாதுகாப்புக் குறை ஒன்று இருப்பது தெரியவந்தால், உற்பத்தியாளர் உரிமையாளர்களுக்கு அறிவித்து, வண்டியை வரவழைத்து, செலவின்றித் திருத்திக் கொடுப்பது. இது உற்பத்தியாளர்கள் தாமாக விரும்பி ஏற்றுக்கொண்ட ஒழுக்கம் அன்று. அமெரிக்காவில் ரால்ஃப் நேடர் என்ற சட்டத்தரணி 1965இல் ஒரு நூல் எழுதி, கார்க் கொம்பனிகள் பாதுகாப்பை அலட்சியம் செய்வதை அம்பலப்படுத்தினார். மறு ஆண்டே அங்கு வாகனப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. ஜப்பானில் இந்த முறை 1969இல் தொடங்கியது. அயல்நாடான இந்தியாவில் 2012 முதல் உற்பத்தியாளர்கள் தாமாகவே பின்பற்றும் ஒழுங்காக இருந்து, 2019ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தத்தின் வழியாக 2021 ஏப்ரலில்தான் கட்டாய விதியாயிற்று.

ஆகவே, ஒரு மொடல் திருப்பி அழைக்கப்பட்டது என்ற செய்தியைக் கண்டவுடன் அது கெட்ட வண்டி என்று முடிவு கட்டுவது சரியன்று. குறையை ஒப்புக்கொண்டு திருத்துகிறவன் ஒருவன், மறைப்பவன் இன்னொருவன். மறைத்தவர்களின் கதையும் உண்டு. மிற்சுபிசி நிறுவனம் வாடிக்கையாளர் முறைப்பாடுகளை 1977ஆம் ஆண்டிலிருந்தே அதிகாரிகளுக்குக் காட்டாமல் ஒளித்து வந்தமை 2000ஆம் ஆண்டில் வெளிவந்தது. அந்த இருபத்து மூன்று ஆண்டுகளில் அந்த நிறுவனத்தின் திருப்பியழைப்புகள் குறைவாகத் தெரிந்திருக்கும். எண்ணிக்கையை மட்டும் பார்த்தவர்கள் அதை நல்ல அடையாளமாகவே எடுத்திருப்பார்கள்.

எனினும், புதிதாக அறிமுகமான வண்டியில் அபாயம் கூடுதல் என்பது உண்மைதான். பொறியியலாளர்கள் இதைக் குளியல் தொட்டியின் வடிவத்துக்கு ஒப்பிடுவார்கள். தொட்டியின் ஒரு விளிம்பு உயர்ந்திருக்கும். நடுப்பகுதி தாழ்ந்து சமமாகக் கிடக்கும். மறு விளிம்பு மீண்டும் உயரும். இயந்திரங்களின் பழுதும் அவ்வாறே. தொடக்கத்தில் வடிவமைப்பிலும் பொருத்துதலிலும் விடப்பட்ட தவறுகள் வெளிவரும். அவை களையப்பட்ட பின் நீண்ட காலம் அமைதி. கடைசியில் தேய்மானம். முதல் ஆண்டு வண்டியை வாங்குகிறவர் அந்த முதல் விளிம்பில் ஏறி அமர்கிறார்.

இதற்கு நம் நாட்டார் எல்லோரும் அறிந்த உதாரணம் ஹொண்டா வெசல். 2013 டிசெம்பரில் ஜப்பானில் அறிமுகமான வண்டி. சில மாதங்களிலேயே இங்கு வந்திறங்கத் தொடங்கிற்று. மருத்துவர்களும் அரச அதிகாரிகளும் தமது பெர்மிட்டில் அதைத்தான் தேடினார்கள். காலி வீதியில் நின்றால் ஐந்து நிமிடத்துக்கு ஒன்று கடந்து செல்லும். ஆனால், அதன் ஹைபிரிட் வகையில் இருந்த ஏழு வேக இரட்டைக் கிளச் கியர்ப்பெட்டி முற்றிலும் புதியது. அதற்குச் சில மாதங்கள் முன்னர் வந்த ஃபிட் ஹைபிரிட்டிலும் அதே பெட்டிதான். 2014 பெப்ரவரியில் அந்தக் கியர்ப்பெட்டியை இயக்கும் மென்பொருளில் குறை என்று 80 ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஃபிட், வெசல் வண்டிகள் ஜப்பானில் திருப்பி அழைக்கப்பட்டன. ஜூலையில் மீண்டும் ஓர் அழைப்பு; இம்முறை எதிர்பாராமல் வேகமெடுக்கக்கூடும் என்ற காரணம். ஒக்டோபரில் இன்னொன்று, வேறு மொடல்களையும் சேர்த்து 4 இலட்சத்துக்கும் மேல். ஃபிட் ஹைபிரிட்டுக்கு அது ஓராண்டு சொச்சத்தில் ஐந்தாவது அழைப்பு. நிறுவனத் தலைவர் தமது சம்பளத்தில் 20 வீதத்தை மூன்று மாதங்களுக்கு விட்டுக்கொடுத்தார். அந்தச் செய்தியைப் படித்தபோது, நம் நாட்டில் இப்படி யாராவது செய்தால் முதற்பக்கத்தில் எட்டுப் பத்தித் தலைப்புப் போடலாமே என்று நினைத்தது ஞாபகம்.

வெசல் கெட்ட வண்டியா? அல்ல. திருத்தங்கள் செய்யப்பட்ட பின் பல்லாயிரம் பேர் அதை நிம்மதியாக ஓட்டினார்கள், இன்றும் ஓட்டுகிறார்கள். ஆனால், 2021இல் வந்த இரண்டாம் தலைமுறை வெசலில் அந்தக் கியர்ப்பெட்டி இல்லை. வேறு முறைக்கு மாறிவிட்டார்கள். உற்பத்தியாளர் ஒரு பொருளைக் கைவிடுவதைவிடத் தெளிவான சாட்சியம் வேறெதுவும் இருக்க முடியாது.

பெரிய பெயருக்கும் இது விலக்கன்று. டொயோட்டாவின் bZ4X என்ற மின்சார ஜீப்பை எடுத்துக்கொள்ளுங்கள் (அந்தப் பெயரை வாயால் சொல்லவே பயிற்சி வேண்டும்). 2022 மே மாதம் ஜப்பானில் விற்பனைக்கு வந்தது. ஜூன் 23ஆம் திகதி, இரண்டு மாதம் நிறையுமுன்னரே, சுமார் 2,700 வண்டிகளைத் திருப்பி அழைத்தார்கள். சக்கரத்தைப் பிடித்திருக்கும் போல்ட்டுகள் தளர்ந்து சக்கரமே கழன்று விழக்கூடும் என்பது காரணம். திருத்தும் வழி கண்டுபிடிக்கும்வரை ஓட்டாதீர்கள் என்று உரிமையாளர்களுக்குச் சொல்லப்பட்டது. வழி கிடைத்தது ஒக்டோபரில். அமெரிக்காவில் வேண்டியவர்களிடமிருந்து வண்டியை விலைகொடுத்துத் திரும்ப வாங்கவும் முன்வந்தார்கள். மின்கலமும் மென்பொருளும் அல்ல, நூறு வருடங்களாக உலகமே செய்துவரும் போல்ட்டு! இந்தியாவில் 2022 செப்டெம்பரில் வந்த மாருதி கிராண்ட் விற்றாராவும் அப்படியே. பின் இருக்கைப் பட்டியைத் தாங்கும் இணைப்புக்காக 2023 ஜனவரியில் 11,177 வண்டிகள் திருப்பி அழைக்கப்பட்டன. அவை அனைத்தும் 2022 ஓகஸ்டுக்கும் நொவெம்பருக்கும் இடையில் உருவானவை. அதாவது முதல் மாதங்களின் பிள்ளைகள்.

இதைப் படித்துவிட்டு, "அப்படியானால் ஒரு வருடம் பொறுத்து வாங்கினால் போதும்" என்று கணக்குப் போடுவோரும் உளர். அது பாதி உண்மை. ஹயுண்டாய் கோனா மின்சார ஜீப் வந்தது 2018இல். மின்கலம் தீப்பிடிக்கும் அபாயத்துக்காக, அதன் வேறு சில மின்வண்டிகளுடன் சேர்த்து சுமார் 82 ஆயிரம் வண்டிகளின் மின்கலங்களையே மாற்றுவதாக அறிவித்தது 2021 பெப்ரவரியில். தகாட்டா காற்றுப்பைகளின் கதை இன்னும் நீண்டது. அமெரிக்காவில் மட்டும் 6 கோடியே 70 இலட்சம் காற்றுப்பை ஊதிகள் அந்த அழைப்பில் அடங்கின. 2017இல் அந்த நிறுவனமே முறிந்தது. அந்த ஊதிகளுக்குள் இருந்த இரசாயனம் பல ஆண்டுகள் வெப்பத்திலும் ஈரத்திலும் கிடந்து பழுதாகி, விபத்து நேரும்போது உலோகத் துண்டுகளாக வெடித்தது. குளிர்நாட்டிலும் பார்க்கப் புழுக்கமான நாட்டில் அபாயம் கூட. மே மாதத்து மட்டக்களப்பை நினைத்துக்கொண்டு இந்த வரியை மீண்டும் ஒரு முறை வாசியுங்கள்.

இனி நமக்கென்றே உள்ள சங்கடத்துக்கு வருகிறேன். ஜப்பானில் வண்டி வாங்கியவரின் பெயரும் முகவரியும் பதிவில் உண்டு; குறை தெரிந்ததும் அவர் வீட்டுக்குக் கடிதம் போகும். ஆனால், நாம் வாங்கும் வண்டிகளில் பெரும்பகுதி முகவர் ஊடாக வருவதில்லை. அங்கே ஏலத்திலோ விற்பனை நிலையத்திலோ வாங்கி, கப்பலேற்றி, அம்பாந்தோட்டையில் இறக்கி, வழியோரக் கார் விற்பனை நிலையத்தில் மெழுகு பூசி நிறுத்தப்படுபவை. வண்டி கப்பலில் வந்துகொண்டிருக்கும்போது அழைப்பு வெளிவந்தால் கடிதம் யாருக்குப் போகும்? ஜப்பானில் உள்ள முன்னாள் உரிமையாளர் அதைக் கிழித்துக் குப்பையில் போட்டிருப்பார். வெசல் வந்த 2014இல் இதுதான் நிலைமை. 'சீரோ மைலேஜ்' என்று பெருமையோடு விற்கப்பட்ட வண்டிக்கு இன்னொரு பொருளும் இருந்தது: அது பழுதுபார்க்குமிடம் எதற்கும் இன்னும் போகவில்லை என்பதே அது.

இப்போது அந்தப் பழைய சம்பவம்.

2003ஆம் ஆண்டு. சமாதான காலம். திருகோணமலையில் ஒரு கூட்டத்துக்குப் போய்விட்டு இரவோடிரவாகக் கொழும்பு திரும்பிக்கொண்டிருந்தோம். பத்திரிகை நிறுவனம் நான்கு மாதங்களுக்கு முன்னர் முகவரிடம் வாங்கிய புத்தம்புதிய ஜீப். அந்த மொடல் நாட்டுக்கு வந்தே ஆறு மாதம் ஆகவில்லை. நான், புகைப்படக்காரர், பயிற்சிக்கு வந்த இளம் நிருபர், சாரதி ஆகிய நால்வர். கந்தளாய் தாண்டி ஹபறணையை நோக்கி வருகையில், இரு புறமும் காடு, நேரம் பத்தரை இருக்கும், வண்டியின் விளக்குகள் அனைத்தும் ஒரேயடியாக அணைந்தன. இயந்திரமும் நின்றது. சுக்கான் கல்லாய் இறுகிற்று. முப்பது வருட அநுபவமுள்ள எங்கள் சாரதி பிறேக்கை இரண்டு கால்களாலும் மிதித்து, மனக்கணக்கில் வீதியின் ஓரத்தை ஊகித்து நிறுத்தினார். பின்னால் வந்த லொறி எங்களைக் கடைசி நேரத்தில் கண்டு விலகிச் சென்றது. அதன் காற்றில் எங்கள் வண்டி ஆடிற்று.

"மாத்தயா, வண்டி செத்துவிட்டது" என்றார் சாரதி. அடுத்த இரண்டு மணித்தியாலங்கள் யானை வருமா, அடுத்த லொறி வருமா என்று கைவிளக்கோடு வீதியில் நின்றோம். அந்த இளம் நிருபர் எதுவும் பேசவில்லை. விடிந்த பின்னர்தான் அவரது கை நடுங்கிக்கொண்டிருந்ததைக் கண்டேன்.

கொழும்பில் முகவரின் வேலைத்தளத்தில், ஏதோ 'பியூஸ்' என்று மாற்றிக் கொடுத்தார்கள். மூன்று கிழமைக்குப் பின், கனடாவில் இருக்கும் என் ஒன்றுவிட்ட சகோதரரோடு பேசும்போது தற்செயலாக இதைச் சொன்னேன். அவரிடமும் அதே வண்டி. "எங்களுக்குக் கடிதம் வந்ததே! சுக்கானுக்குக் கீழே வயர்க்கட்டு இரும்பில் உரசித் தேய்கிறதாம். கொண்டுபோய்க் கொடுத்தேன், அரை மணித்தியாலத்தில் மாற்றித் தந்தார்கள்" என்றார். கடிதத்தின் பிரதியைத் தொலைநகலில் அனுப்பிவைத்தார்.

அதை எடுத்துக்கொண்டு முகவரிடம் போனேன். கழுத்துப்பட்டி அணிந்த முகாமையாளர் இரண்டு முறை படித்தார். "இது அங்கே விற்ற வண்டிகளுக்கு. எங்களுக்கு அறிவித்தல் வரவில்லை" என்றார். எங்கள் வண்டியின் வயர்க்கட்டை மட்டும், பத்திரிகைக்காரர் என்பதால், மாற்றித் தர இணங்கினார். நான் காரியாலயம் திரும்பிச் செய்தி எழுதினேன். முந்நூறு சொற்கள். மேலிடத்தில் கூப்பிட்டார்கள். அந்த முகவர் மாதத்துக்கு எத்தனை முழுப்பக்க விளம்பரம் தருகிறார் என்று எனக்குத் தெரியுமா என்று கேட்டார்கள். தெரியும். செய்தி என் மேசை லாச்சிக்குள் போயிற்று. எனக்கு அப்போது இரண்டு பிள்ளைகள் பாடசாலையில். நான் சண்டை பிடிக்கவில்லை.

எட்டு மாதங்களுக்குப் பின் வெள்ளவத்தைக் கராஜ் ஒன்றில் முன்பக்கம் நசுங்கிய அதே மொடல் ஜீப்பைக் கண்டேன். உரிமையாளர் கையில் மாவுக்கட்டோடு நின்றார். "இரவில் திடீரென்று எல்லாம் அணைந்துவிட்டது" என்று அவர் மெக்கானிக்கிடம் விளக்கிக்கொண்டிருந்தார். அவரருகில் போய் நான் அறிந்ததைச் சொன்னேன். கடிதத்தின் பிரதியையும் மறுநாள் கொண்டுபோய்க் கொடுத்தேன். "இது உங்களுக்கு எப்போது தெரியும்?" என்று கேட்டார். நான் மாதத்தைச் சொன்னேன். அவர் ஒன்றும் பேசாமல் தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். அவர் திட்டியிருந்தால் நான் இத்தனை வருடம் அதை நினைத்துக்கொண்டிருக்க மாட்டேன்.

ஆகவேதான் மருமகனுக்கு ஒரு கிழமை எடுத்துக்கொண்டு பதில் சொன்னேன். அவனுக்குச் சொன்னவற்றை வாசகர்களுக்கும் சொல்கிறேன்.

முதலாவது, விலையைக் கேட்குமுன் செசி நம்பரைக் கேள். ஜப்பானிய வண்டியாயின் அந்த உற்பத்தியாளரின் ஜப்பானியத் தளத்தில் செசி நம்பரைக் கொடுத்தால், அந்த வண்டிக்குத் திருப்பியழைப்பு உண்டா, வேலை செய்யப்பட்டுவிட்டதா என்பது தெரியும். மொழி தெரியாவிட்டாலும் இன்றைய உலாவிகள் மொழிபெயர்த்துத் தரும். நம்பரைத் தரத் தயங்கும் விற்பனையாளரிடம் தேநீரைக் குடித்துவிட்டு எழுந்து வந்துவிடலாம்.

இரண்டாவது, எந்த ஆண்டு என்று பார்ப்பதோடு நில்லாமல் எந்த மாதம் செய்யப்பட்டது என்று பார். திருப்பியழைப்புகள் அநேகமாக இன்ன திகதி முதல் இன்ன திகதி வரை என்றே வரும்.

மூன்றாவது, உடம்பு புதிதாக இருக்கலாம். இயந்திரமும் கியர்ப்பெட்டியும் முந்திய மொடலில் சில வருடங்கள் ஓடிப் பழகியவையா என்று விசாரி. இரண்டுமே புதிது என்றால் பொறு.

நான்காவது, எதற்கான அழைப்பு என்று படி. கையேட்டில் அச்சுப் பிழை என்பதற்கும் அழைப்பு வரும்; பிறேக், சுக்கான், தீ என்பவற்றுக்கும் வரும். இரண்டும் ஒன்றல்ல.

ஐந்தாவது, திருத்துகிறவர் யார்? இன்று பாதிக் குறைகள் மென்பொருளில். அவற்றை ஸ்பானரால் திருத்த முடியாது. உற்பத்தியாளரின் கருவியும் அநுமதியும் வேண்டும். கராஜ் பாஸ் எவ்வளவு கெட்டிக்காரராயினும் அது அவர் கையில் இல்லை. முகவர் இங்கு இருக்கிறாரா, தாம் விற்காத வண்டிக்கும் அந்த வேலையைச் செய்வாரா என்று எழுத்தில் கேள். எழுத்து மூலப் பதில்தான் பின்னர் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையிடம் போவதானாலும் உதவும்.

மருமகன் செசி நம்பரைக் கேட்டான். முதல் விற்பனை நிலையத்தில், "அதெல்லாம் எதுக்கு, கிரேட் நல்ல கிரேட்" என்று ஏலத்தாளை நீட்டினார்களாம். இரண்டாவது இடத்தில் தந்தார்கள். தேடிப் பார்த்தான். அந்த வண்டி அழைப்புப் பட்டியலில் இருந்தது, வேலை செய்யப்படவில்லை. பிறேக்குடன் சம்பந்தப்பட்ட குறை. விற்பவருக்கே அது தெரிந்திருக்கவில்லை. அவர் மறைத்தார் என்று நான் எண்ணவில்லை. அவரிடம் ஒருவரும் அதுவரை கேட்கவில்லை.

"அம்மா நல்லூர்த் திருவிழாவுக்குப் புது ஜீப்பிலதான் போகவேணும் எண்டு நிக்கிறா மாமா" என்றான்.

"கொம்மாவைப் பழைய காரில கூட்டிக்கொண்டு போ. நல்லூரான் மொடல் பாக்கிறதில்லை" என்றேன்.

அவன் முற்பணத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டு, அதே மொடலில் குறை திருத்தப்பட்ட பின் உருவான வண்டிக்காகக் காத்திருக்கிறான். அதிலும் வேறேதும் குறை பின்னர் தெரியவராது என்று நான் உத்தரவாதம் கொடுக்கவில்லை. கொடுக்க யாராலும் முடியாது. தெரியவந்தால் அந்தச் செய்தி அவனை வந்தடையுமா என்பதுதான் கேள்வி. இங்கே எவரும் கடிதம் போடப் போவதில்லை. ஆறு மாதத்துக்கு ஒருமுறை அவனே தேடிப் பார்க்க வேண்டும்.

இன்று மாலை வேலை முடிந்து வீட்டுக்குப் போனதும், உங்கள் வண்டியின் பதிவுச் சான்றிதழை எடுத்து அந்த நம்பரை ஒரு தாளில் எழுதுங்கள். ஐந்து நிமிட வேலை. இருபது வருடங்களுக்கு முன்னர் அச்சேறாமற் போன என் முந்நூறு சொற்களில் கடைசி வரியும் இதுதான்.